பூட்டுக்கு வெளியே நின்ற டைமர்: ஒரு பழைய கெர்னல் ஓட்டையை மறுபடி ஓட்டிப் பார்த்த பதிவு

இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இரண்டு திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் செயலோட்டங்கள்) ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும் பிழைகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஒன்றைக்கூட என் கையால் நிகழ்த்திப் பார்த்ததில்லை. படிக்கும்போது எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும். "சரி, ஒன்று குறுக்கே நுழையும் அந்த இடைவெளி எந்த வரிக்கும் எந்த வரிக்கும் நடுவில்?" என்று யாராவது கேட்டால் பதில் வராது. அந்தக் குறை தீர, எப்போதோ திருத்தப்பட்டுவிட்ட ஓர் ஓட்டையை எடுத்துக்கொண்டேன். பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொதுப் பதிவெண்ணில் அது சிவிஇ-2016-8655. ஃபிலிப் பெட்டர்சன் கண்டுபிடித்து 2016 டிசம்பரில் வெளியிட்டது. லினக்ஸ் 4.8.12 வரை இருந்தது. உள்ளே நுழைந்தது 2011 ஆகஸ்டில். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்திருக்கிறது.

முதலில் பிழையின் உடற்கூறு. வலையில் வரும் பாக்கெட்டுகளை மேல்பூச்சு எதுவும் இல்லாமல் அப்படியே வாங்கிக்கொள்ள லினக்ஸில் ஒரு தனிவகை சாக்கெட் (நிரலை வலையோடு இணைக்கும் முனை) உண்டு. பாக்கெட் சாக்கெட் என்பார்கள். வலைப் போக்குவரத்தைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப் போன்ற கருவிகள் இதைத்தான் நம்பியிருக்கின்றன. ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியே நகலெடுத்துக் கொடுத்தால் கட்டுப்படியாகாது என்பதால், கெர்னலும் நிரலும் பகிர்ந்துகொள்ளும் ஒரு வளையத்தை நினைவகத்தில் அமைத்துக்கொள்ளலாம். அந்த வளையத்துக்கு மூன்று பதிப்புகள். முதல் இரண்டிலும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரே அளவுள்ள ஓர் இடம். 2011இல் வந்த மூன்றாவதில் பெரிய பெரிய கட்டங்கள். பாக்கெட்டுகள் அவரவர் அளவுக்கு அதில் நெருக்கிக்கொண்டு உட்காரும். கட்டம் நிறைந்ததும் நிரலிடம் ஒப்படைக்கப்படும். வலை மந்தமாக இருந்து கட்டம் நிறையவே இல்லை என்றால்? நிரல் காத்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக ஒரு டைமர். குறித்த நேரம் ஆனதும் அரைகுறைக் கட்டத்தை ஒப்படைத்துவிட்டு, தன்னைத்தானே மறுபடி முடுக்கிக்கொள்ளும்.

அந்த டைமர் குடியிருப்பது சாக்கெட்டின் சொந்தக் கட்டமைப்புக்கு உள்ளேயே. ஆகவே சாக்கெட்டை விடுவிப்பதற்கு முன் டைமரை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்த வேண்டுமா வேண்டாமா என்பதைக் கெர்னல் எப்படி முடிவுசெய்கிறது? "இந்த சாக்கெட்டின் பதிப்பு மூன்றா?" என்று கேட்கிறது. தொடங்கும்போதும் இதே கேள்வி, மூடும்போதும் இதே கேள்வி. இரண்டு கேள்விகளுக்கும் நடுவே பதில் மாறாது என்ற நம்பிக்கையில் மொத்தக் கட்டடமும் நிற்கிறது.

நம்பிக்கைக்கு ஒரு காவலும் இருக்கத்தான் செய்தது. பதிப்பை மாற்றச் சொன்னால், ஏற்கெனவே வளையம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 'வேலையில் இருக்கிறது' என்ற பிழை எண்ணைத் திருப்பும். வளையம் இருக்கிறதா என்பதை ஒரு சுட்டியை (நினைவக முகவரியைத் தாங்கும் மாறியை) வைத்து அறிகிறது. வளையத்தை அமைக்கும் செயற்கூறு டைமரை முதலில் தொடங்கிவிட்டு, அந்தச் சுட்டியைக் கடைசியில்தான் நிரப்புகிறது. நடுவில் உள்ள நேரத்தில் டைமர் ஓடிக்கொண்டிருக்கும். சுட்டியோ காலியாக இருக்கும். அப்போது இன்னொரு திரெட் வந்து "பதிப்பு ஒன்று" என்று எழுதிவிட்டுப் போனால் காவலன் தடுக்க மாட்டான். பிறகு சாக்கெட்டை மூடும்போது "மூன்றா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதில் வரும். டைமர் நிறுத்தப்படாது. சாக்கெட்டின் நினைவகம் திருப்பித் தரப்பட்டுவிடும், அதற்குள் ஒரு டைமர் உயிரோடு டிக்டிக் என்று ஓடிக்கொண்டிருக்க.

இவ்வளவையும் தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். அரை நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

களம் அமைப்பதில் சொல்ல அதிகம் இல்லை. கியூஎமுவில் ஒரு மெய்நிகர் கணினி, அதில் 4.8.12 கெர்னல், பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் சிறு தொகுப்பு) மட்டும் கொண்ட ஒரு சின்ன ரூட் கோப்பமைப்பு. இன்றைய கம்பைலர் அவ்வளவு பழைய கெர்னலைப் பார்த்ததும் முறைத்தது. ஒவ்வொரு முறைப்பையும் சமாதானம் செய்வதைவிடக் கண்டெய்னர் ஒன்றில் பழைய ஜிசிசி கம்பைலரைப் போட்டுக் கட்டுவது எளிது என்று ஒரு மணி நேரம் வீணான பிறகு உறைத்தது. கேசானை இயக்கிவைத்தேன். நினைவகத்தின் ஒவ்வோர் எட்டு பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்து, விடுவித்த இடத்தை யாராவது தொட்டால் கூச்சலிடும் கருவி அது. நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை அது தின்றுவிடும் என்பதால் மெய்நிகர் கணினிக்குத் தாராளமாகவே ஒதுக்க வேண்டியிருந்தது. கன்சோல் வெளியீடு முழுவதும் ஒரு கோப்பில் சேரும்படி செய்தேன். இதைச் செய்யாமல் யாரும் தொடங்க வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

சோதனை நிரல் எளியது. ஒரு திரெட் சாக்கெட்டைத் திறக்கும், பதிப்பு மூன்று என்று சொல்லும், வளையம் கேட்கும், மூடும். இன்னொரு திரெட் அதே சாக்கெட்டில் பதிப்பை ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே இருக்கும். இந்தச் சுற்று முடிவில்லாமல் நடக்கும்.

ஒரு மணி நேரம் ஓடியது. எதுவும் நடக்கவில்லை.

'இடைவெளி குறுகலாக இருக்கும், அதிர்ஷ்டம் வேண்டும்' என்று முடிவுகட்டினேன். இந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு இரண்டு மாலைகளைச் செலவு வைத்தது. இடைவெளியைச் செயற்கையாக அகட்டுவதற்காகக் கெர்னலுக்குள் 200 மில்லி நொடித் தூக்கம் ஒன்றைச் செருகினேன். அப்போதும் அமைதி. மறுபடி வரிவரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது: தூக்கத்தை டைமர் தொடங்கும் வரிக்கு முன்னால் வைத்திருந்தேன். தூங்கி எழும்போது பதிப்பு ஒன்றாக இருந்தால் டைமர் தொடங்குவதே இல்லை. மூன்றாக இருந்தால் தொடங்கி, அதே மூன்றோடு ஒழுங்காக மூடப்படுகிறது. இரண்டுமே குற்றமற்ற நடத்தை. தூக்கத்தை அந்த வரிக்குப் பின்னால் நகர்த்தினேன். சில சுற்றுகளிலேயே கன்சோல் பற்றிக்கொண்டது.

மகிழ்ச்சியில் தூக்கத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். பழையபடி அமைதி. அன்றைக்கு அதோடு படுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் கணினியைத் தொடாமல் அந்தச் செயற்கூற்றை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தேன். டைமர் தொடங்கும் வரிக்குக் கீழே சாக்கெட்டின் பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடுவது) எடுக்கப்படுகிறது. பிறகு சாக்கெட்டை வலையிலிருந்து தற்காலிகமாகக் கழற்றுகிறார்கள். பிறகு ஒரு காத்திருப்பு: பாக்கெட்டைக் கையில் வைத்திருக்கும் மற்றச் செயலிகள் (சிபியுக்கள்) எல்லாம் தத்தம் வேலையை முடித்துவிட்டு வெளியே வரும்வரை நிற்கும் ஆர்சியு காத்திருப்பு. அதற்குப் பிறகுதான் வளையச் சுட்டி நிரப்பப்படுகிறது.

திரும்பத் திரும்பப் படித்தேன். நான் கையால் செருகிய தூக்கம் தேவையே இல்லை. கெர்னலே அந்த இடத்தில் ஒரு தூக்கம் போடுகிறது! அதுவும் மில்லி நொடிக் கணக்கில். செயலியின் கணக்கில் அது ஒரு யுகம். இடைவெளி குறுகல் என்று நான் நினைத்தது தப்பு. வாசல் அகலத் திறந்துதான் கிடக்கிறது. அப்படியானால் என் சோதனையில் ஏன் நுழையவில்லை?

விடை என் கியூஎமு கட்டளையில் இருந்தது. எத்தனை செயலிகள் என்று நான் சொல்லவே இல்லை. சொல்லாவிட்டால் ஒன்று. ஆர்சியு தந்திரமானது: இருப்பது ஒரே செயலி, கெர்னலும் நடுவில் குறுக்கிட்டு ஆள் மாற்றாத வகையில் கட்டப்பட்டது என்றால், "நான் இங்கே காத்திருக்கத் தயாராக நிற்கிறேன் என்றாலே வேறு யாரும் உள்ளே இல்லை என்று பொருள்" என்று தர்க்கம் செய்துகொண்டு உடனே திரும்பிவிடும். காத்திருப்பு இல்லை, ஆகவே இடைவெளியும் இல்லை. பிழை கெர்னலில்தான் இருந்தது, ஆனால் அது நிகழ்வதற்கான இடத்தை என் சோதனைக்களமே மூடிவைத்திருந்தது.

செயலிகள் இரண்டு என்று மாற்றி, செருகிய தூக்கம் எதுவும் இல்லாமல் ஓடவிட்டேன். சில நொடிகள்தான்.

இதில் என்னைச் சங்கடப்படுத்திய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காத்திருப்பு நடக்கும் நேரம் முழுவதும் சாக்கெட்டின் பூட்டு பூட்டியபடியேதான் இருக்கிறது. பதிப்பை மாற்றும் வழியோ அந்தக் கதவு வழியாகப் போவதே இல்லை. ஒரு பக்கம் பூட்டிவிட்டு மறுபக்கம் சுவரே இல்லாத அறை. கோப்பைத் திறந்து "பூட்டு எடுக்கிறார்களா?" என்று தேடினால் "எடுக்கிறார்கள்" என்றுதான் தெரியும். நானாக இருந்தால் இந்தப் பேட்சைப் பார்வையிட்டு ஒப்புதல் கொடுத்திருப்பேன்.

இப்போது கேசானின் கூச்சலுக்கு வருகிறேன். பிந்தைய கெர்னல்களில் கேசான் முதல் குற்றத்தை மட்டும் சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். 4.8இல் அந்த நாகரிகம் இல்லை. டைமரோ தன்னைத்தானே முடுக்கிக்கொள்வது. விளைவு, ஒரே அறிக்கை சில மில்லி நொடிகளுக்கு ஒருமுறை அருவியாகக் கொட்டியது. கன்சோலைக் கோப்பில் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். படிக்க வேண்டியது முதல் அறிக்கையை மட்டும்.

அந்த முதல் அறிக்கையும் என்னைத் தவறான திசையில் இழுத்தது. தொடப்பட்ட இடம் சாக்கெட்டின் நினைவகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அறிக்கை காட்டியதோ வேறொரு சின்னப் பொருள்: வளையத்தின் நினைவகப் பக்கங்களைக் குறித்துவைக்கும் பட்டியல். 'பிழை வேறெங்கோ இருக்கிறதா, இது புதிதா?' என்று ஒரு கணம் நெஞ்சு படபடத்தது. இல்லை. நேரம் எதுவும் சொல்லாமல் வளையம் கேட்டால் டைமருக்குக் கெர்னல் தரும் இயல்பு அவகாசம் 8 மில்லி நொடி. மூடும்போது முதலில் வளையம் விடுவிக்கப்படுகிறது, பிறகு இன்னொரு ஆர்சியு காத்திருப்பு, கடைசியில்தான் சாக்கெட். அந்த நடுக் காத்திருப்பு 8 மில்லி நொடியைவிட நீண்டால், சாக்கெட் உயிரோடு இருக்கும்போதே டைமர் அடித்து, ஏற்கெனவே விடுவித்துவிட்ட பட்டியலைப் படிக்கப் போகிறது. கேசான் பார்த்தது அதைத்தான். அவகாசத்தை 3000 மில்லி நொடி என்று நானே கொடுத்தேன். சாக்கெட் முழுவதும் செத்து அடங்கிய பிறகுதான் டைமர் கண் விழித்தது. அறிக்கையில் நான் தேடியது அப்படியே வந்தது: ஒதுக்கியது சாக்கெட் திறந்தபோது, விடுவித்தது மூடியபோது, தொட்டது டைமர்.

ஒரே பிழை, டைமரின் அவகாசத்தைப் பொறுத்து இரண்டு முகங்கள். ஒரு முகத்தை மட்டும் பார்த்துத் திருத்தப் போனால், பட்டியலை விடுவிக்கும் வரிசையை மாற்றிவிட்டுத் திருப்தியாக வந்திருக்கலாம்.

ஆசை தீராமல், உயிரோடு இருக்கும் டைமரை உள்ளே வைத்தபடி யாராவது நினைவகத்தை விடுவித்தால் எச்சரிக்கும் பொருள் கண்காணிப்பு வசதியையும் கேசானோடு சேர்த்து இயக்கினேன். எச்சரிக்கை அழகாக வந்தது, எந்த டைமர் செயற்கூறு என்ற பெயரோடு. கேசான் வாயைத் திறக்கவில்லை! அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அந்த வசதி எச்சரிப்பதோடு நிற்பதில்லை. கெர்னல் விழாமல் இருக்க அந்த டைமரை அதுவே நிறுத்தியும் விடுகிறது. பிணத்தை அப்புறப்படுத்திவிட்டால் துப்பறிவாளருக்கு என்ன வேலை? இரண்டையும் தனித்தனியாக இயக்கினால் இரண்டுமே பேசுகின்றன. பிழையைக் கண்டுபிடிக்க மட்டும் வேண்டுமென்றால் இந்த வசதியே எனக்கு மேலாகத் தோன்றியது. டைமர் அடிக்கும்வரை காத்திராமல், விடுவிக்கும் அந்தக் கணத்திலேயே பிடித்துவிடுகிறது.

பூட்டுகளைக் கண்காணிக்கும் கெர்னல் கருவியான லாக்டெப் இதைக் காட்டாதா என்று கேட்கலாம். காட்டாது. எடுத்த பூட்டுகளின் வரிசையில் முரண் இருந்தால் அது சொல்லும். எடுக்கவே எடுக்காத பூட்டைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? அதைச் சொல்லக்கூடிய கேசிசான் என்ற கருவி 2020இல், 5.8 கெர்னலோடுதான் வந்தது.

இது வெறும் கெர்னல் விழும் பிழை என்றால் இவ்வளவு பேசப்பட்டிருக்காது. அந்தக் காலத்து டைமர் கட்டமைப்பில் எந்தச் செயற்கூற்றை அழைக்க வேண்டும் என்ற முகவரியும், அதற்குத் தர வேண்டிய ஒரு மதிப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. விடுவித்த இடத்தில் வேறொருவர் தன் தரவை நிரப்பிவிட்டால், டைமர் அடிக்கும்போது கெர்னல் அவர் சொன்ன முகவரிக்குப் போகும். பாக்கெட் சாக்கெட் திறக்கத் தனி அதிகாரம் வேண்டுமே என்றால், 2013இல் வந்த 3.8 கெர்னலிலிருந்து சாதாரணப் பயனர் ஒருவர் தனக்கென ஒரு பயனர் பெயர்வெளியை (தனி அதிகாரக் கணக்கு கொண்ட ஒரு தடுப்பறையை) உருவாக்கிக்கொண்டு அதற்குள் அந்த அதிகாரத்தைப் பெற முடியும். என் நிரலை முதலில் முழு அதிகாரமுள்ள ரூட்டாகத்தான் ஓட்டினேன். பிறகு சாதாரணப் பயனராக, பெயர்வெளிக்குள் ஓட்டினேன். முடிவில் ஒரு வேறுபாடும் இல்லை. ரூட் அதிகாரத்தைப் பிடிக்கும் பகுதிக்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது இடைவெளி எங்கே என்பது மட்டும்.

இனித் திருத்தம். அதிகாரபூர்வத் திருத்தத்தைப் பார்க்காமல் முதலில் நானே ஒன்று எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். பதிப்பை மாற்றும் இடத்தில் சாக்கெட் பூட்டை எடு, வளையம் இருக்கிறதா பார், இல்லையென்றால் மாற்று, பூட்டை விடு. நான்கைந்து வரி. கட்டினேன், இரண்டு செயலிகளோடு ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கன்சோல் துப்புரவாக இருந்தது. முடிந்தது என்று எழுதிவைக்கவும் செய்தேன்.

ஆனால் முந்தைய அனுபவம் உறுத்தியது. அமைதியை நம்பித்தானே முதல் மாலையில் ஏமாந்தேன்? மறுபடி தாளுக்குப் போனேன். வளையத்தை அமைக்கும் செயற்கூறு பூட்டை எடுப்பது டைமரைத் தொடங்கிய பிறகு. அந்த இரண்டுக்கும் நடுவே சில வரிகள் இருக்கின்றன. ஆர்சியு காத்திருப்பு நடப்பது பூட்டுக்கு உள்ளே, பதிப்பை மாற்றவும் இப்போது அதே பூட்டு வேண்டும் என்பதால் அகல வாசல் அடைபட்டுவிட்டது. ஒரு விரல் நுழையும் சந்து மிச்சம் இருக்கிறது. அந்தச் சந்தில், அதாவது டைமர் தொடங்கிய வரிக்கும் பூட்டு எடுக்கும் வரிக்கும் நடுவில், என் பழைய 200 மில்லி நொடித் தூக்கத்தைச் செருகினேன். உடனே விழுந்தது.

என் அரைத் திருத்தம், திருத்தமே இல்லாததைவிட மோசம் என்பேன். முன்பு சில நொடிகளில் தன்னைக் காட்டிக்கொடுத்த பிழையை, ஓர் இரவு முழுக்க ஓட்டினாலும் காட்டாத பிழையாக மாற்றிவிட்டேன். பிழை அப்படியே இருக்கிறது. கண்டுபிடிக்கும் வழியைத்தான் அடைத்தேன்.

பெட்டர்சனின் திருத்தத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் கை வைத்திருக்கிறார். பதிப்பை மாற்றும் இடத்தில் பூட்டை எடுத்து, வளையம் இருக்கிறதா என்ற கேள்வியையும் பூட்டுக்கு உள்ளே கொண்டுவந்திருக்கிறார். வளையத்தை அமைக்கும் செயற்கூற்றில் பூட்டை எடுக்கும் வரியைத் தொடக்கத்துக்கே நகர்த்தியிருக்கிறார். பதிப்பை முதன்முதலில் படிக்கும் வரியும் கடைசியாகப் படிக்கும் வரியும் ஒரே பூட்டுக்குள் வந்துவிடுகின்றன. பூட்டைப் பிடித்தபடியே பக்கங்களை ஒதுக்க வேண்டிவருகிறது, அது தூங்கக்கூடிய வேலை. ஆனால் சாக்கெட் பூட்டு தூங்க அனுமதிக்கும் வகையைச் சேர்ந்தது என்பதால் தொல்லையில்லை. தூங்க விடாத சுழல் பூட்டாக இருந்திருந்தால் இவ்வளவு எளிதாக நகர்த்தியிருக்க முடியாது.

திருத்தத்தை 4.8.12மீது போட்டு, தூக்கத்தைச் செயற்கூற்றின் வெவ்வேறு இடங்களில் செருகி, ஒவ்வொன்றையும் ஓட்டினேன். எங்கே செருகினாலும் பதிப்பு மாற்றும் திரெட் வாசலில் நின்று, பூட்டு கிடைத்ததும் 'வேலையில் இருக்கிறது' என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியது. இந்த அமைதியை நம்பினேன், இம்முறை காரணம் தெரிந்து.

மூட்டைகட்டும் முன், பதிப்பை மாற்றும் செயற்கூற்றில் உள்ள மற்ற விருப்பங்களையும் (சாக்கெட்டில் நிரல் மாற்றக்கூடிய அமைப்புகளையும்) ஒரு பார்வை பார்த்தேன். பதிப்புக்கு மிக அருகிலேயே, பாக்கெட்டுக்கு முன்னால் எவ்வளவு இடம் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று சொல்லும் விருப்பம். "வளையம் இருக்கிறதா?" என்று பூட்டில்லாமல் கேட்கிறது, இல்லையென்றால் பூட்டில்லாமலே எழுதுகிறது. வளையத்தை அமைக்கும்போது ஒரு சட்டகத்தின் (வளையத்தில் ஒரு பாக்கெட்டுக்கான இடத்தின்) அளவு போதுமா என்று சரிபார்ப்பது இந்த எண்ணை வைத்துத்தான். சரிபார்த்த பிறகு எண் பெருத்துவிட்டால், பாக்கெட் சட்டகத்துக்கு வெளியே எழுதப்படும். திருத்திய கெர்னலில்தான் இதைப் படித்துக்கொண்டிருந்தேன், பக்கத்து வரி அப்படியே இருந்தது.

தேடிப் பார்த்தபோது, 2017 ஆகஸ்டில் அது தனி எண்ணோடு வந்திருக்கிறது: சிவிஇ-2017-1000111. அதை வெளியிட்ட அறிவிப்பிலேயே முந்தைய ஓட்டைக்கு ஒப்பானது என்று எழுதியிருக்கிறார்கள். இடைப்பட்ட எட்டு மாதங்களில் அந்தக் கோப்பைத் திறந்தவர்கள் எத்தனை பேரோ. சோதனை நிரலில் பதிப்பு எழுதும் வரியை எடுத்துவிட்டு இந்த விருப்பத்தை வைத்திருக்கிறேன். இதற்கு வளையத்தில் பாக்கெட்டும் வந்தாக வேண்டும். பெயர்வெளிக்குள் லூப்பேக்கை (கணினி தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் வலை இடைமுகத்தை) எழுப்பி, எதையாவது அனுப்பும் மூன்றாவது திரெட் ஒன்றை எழுத வேண்டும். செயலிகள் இரண்டு என்று கட்டளையில் இப்போதே சேர்த்துவிட்டேன்.